மார்க்கத்துக்கு ஒரு கள விஜயம்

என்னை ரொறன்ரோவுக்கு வரவழைத்தது ஒரு மூன்று வயதுக்காரனின் அழுகை. வேறு சிலரை நயாகரா நீர்வீழ்ச்சி வரவழைக்கிறது. இரண்டும் ஓயாமல் கொட்டுகின்றன. நீர்வீழ்ச்சியைப் பார்க்க மட்டும் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள்.

அழுகிறவன் என் பேரன் கவின். என் மகள் தர்சினி போன இலையுதிர் காலத்தில் ஒரு வேலைக்குப் போனாள். அவள் போன நேரம் முதல் வந்த நேரம் வரை அவன் கராஜ் கதவடியில் கிடந்து அழுதான். பார்த்துக்கொண்ட அன்ரி கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட, ஒரு மாதம் ஆகும் முன்பே தர்சினி வேலையை விட்டாள். இப்போது பக்கத்து நகரமான மார்க்கத்தில் இன்னொரு அலுவலகம், கணக்குப் பகுதியில், படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. திங்கட்கிழமை தொடக்கம்.

"இந்த முறையும் அழுதான் எண்டால் நான் இனி வேலைக்கெண்டு வெளிக்கிட மாட்டன் அப்பா," என்று தொலைபேசியில் சொன்னாள்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், தீராத கோப்புகளை என் மேசைக்கு அனுப்புவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். பேரனைச் சமாளிக்க என்றேன். என்ன வயது என்று கேட்டார். மூன்று என்றேன். என்னிடம் ஆதாரங்கள் அடுக்கிய ஒரு கோப்பு இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. "கடவுள் துணை" என்று பொருள்பட ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். இப்படிப்பட்ட அதிகாரிகளால்தான் நிர்வாகம் கெடுகிறது.

மகள் வீடு ரொறன்ரோவின் வட ஓரத்தில், மில்லிக்கனில். ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு துண்டுப் புல். மருமகன் நிரோஷன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கியதும் புல் வெட்டும் இயந்திரத்தைத் தேடினான். "இஞ்சை புல்லு வளர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரன் சிற்றிக்கு அறிவிச்சுப் போடுவான் மாமா." புல்லுக்குக்கூடச் சட்டம் இருக்கிற நாடு. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பிடிக்காமல் போனது சூரியன். ஜூன் மாதத்தில் அது இரவு ஒன்பது மணி வரை வேலைசெய்கிறது. பிள்ளைகளை எட்டு மணிக்குப் படுக்கப் போட வேண்டும். கண்ணாடி வழியே பளீரென்ற வெயில் வந்துகொண்டிருக்க, தர்சினி தடித்த கறுப்புத் திரையை இழுத்துவிட்டு "இரவு வந்திட்டுது" என்று அறிவித்தாள். ஆறு வயது ஆதிரை திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, அம்மா லையிங்," என்று எனக்குப் புகார் தந்தாள். புகாரில் உண்மை இருந்தது. நடவடிக்கை எடுக்கவில்லை.

கவின் என்னோடு பேசவில்லை. ஒருமுறை வந்து என் மூக்குக் கண்ணாடியைப் பரிசோதித்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை, ஆதிரை பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு ஒத்திகை நடந்தது. தர்சினி தொலைக்காட்சியில் கார்ட்டூனைப் போட்டாள். கவினின் கையில் நீலக் கோப்பையைக் கொடுத்தாள். பிறகு தன் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, குசினி வழியாக, மூச்சுச் சத்தம் கேட்காமல் கராஜுக்குள் போனாள். சொந்த வீட்டை விட்டு இவ்வளவு கள்ளத்தனமாக வெளியேறிய ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. வெளியே கிளம்பும் ஒருவரைப் பார்த்து "எங்கை போறாய்" என்று எங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டுவிட்டால், திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அதன் பிறகே போகலாம். பல வீடுகளில் இருக்கும் வழக்கம்தான்; என் மனைவி இருந்த வரை எங்கள் வீட்டில் அதற்கு விதிவிலக்கே கிடையாது. நானும் கேலி செய்துகொண்டே கடைப்பிடித்தேன். கச்சேரி ஜீப்பில் ஏறும்போது புதிதாக வந்த லிகிதர் யாராவது "ஐயா எங்கை?" என்று கேட்டால், இறங்கிவந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவேன். அரசாங்க வேலைகள் தாமதமாக எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

கவினுக்கு இந்தச் சட்டம் தெரியாது. யாராவது சப்பாத்தைத் தொட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து கேட்பான்: "எங்கை கோயிங்?" போன வருடம் தர்சினி ஒவ்வொரு காலையும் அதைக் கேட்டுத் திரும்பிவந்து இருந்து தண்ணீர் குடித்திருக்கிறாள். அவள் இருந்ததும் அவன் மடியில் ஏறுவான். எழும்பினால் மறுபடி கேட்பான். மறுபடி தண்ணீர்.

"ஒருநாள் நாலு தரம் தண்ணி குடிச்சிட்டுப் போனவா மாமா," என்றான் நிரோஷன். "பிறகு வழியிலை வொஷ்ரூம் தேடி நிப்பாட்டி, வேலைக்குப் பிந்தினதுதான் மிச்சம்."

அதன் பிறகுதான் இந்தக் கள்ள வழி.

ஒத்திகை தோற்றது. கராஜ் கதவு எழும்பும் உறுமல் கேட்டதும் கவின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அம்மா எங்கை?"

"வந்திடுவா."

"எங்கை?"

"இப்ப வந்திடுவா ராசா."

இந்தப் பதிலை நான் பல வருடம் பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வாசல் வாங்கில் போய் இருந்துவிடுவார்கள். கவினும் போய் இருந்தான், கராஜ் கதவடியில். சப்பாத்துகளை எடுத்து, இடது வலது மாற்றி, மிகுந்த சிரமத்தோடு மாட்டினான். பிழை ஒன்றைக் கண்டால் கை சும்மா இராத வியாதி எனக்கு. குனிந்து கழற்றி, சரியாக மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் நீர்வீழ்ச்சி திறந்தது. அழுதுகொண்டே இரண்டையும் கழற்றி, பழையபடி மாற்றிப் போட்டான். பிஸ்கற் கொடுத்தேன், அது சுவருக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் மாடு கன்று போட்ட கதையைச் சொன்னேன்; என் குரலை மூடிக்கொண்டு அழுதான். கடைசியில் கதவடியிலேயே, மூக்குச் சளியோடு நித்திரையாகிப்போனான்.

தர்சினி அவ்வளவு நேரமும் தெருமுனையில் காருக்குள் இருந்திருக்கிறாள். வந்து, குனிந்து பார்த்தாள்.

"நான் வரேல்லை எண்டு அவைக்கு மெயில் போடப்போறன் அப்பா."

"திங்கள் வரைக்கும் பொறு பிள்ளை."

"திங்களுக்கிடையிலை என்ன மாறப்போகுது?"

பதில் இல்லாத இடத்தில் கச்சேரியில் நாங்கள் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவோம். நான் சுவரடியில் கிடந்த பிஸ்கற்றைப் பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை, ஆதிரை பள்ளிக்கூடத்தால் வந்ததும், பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். அங்கே சீமெந்துத் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, பிள்ளைகள் அதற்குள் ஓடுகிறார்கள். ஓடும் முன் வெயில் படாமல் இருக்க உடம்பெல்லாம் வெள்ளைக் களிம்பு பூச வேண்டும். அரை வருடம் வெயிலுக்காகத் தவம் கிடந்துவிட்டு, அது வந்ததும் பிள்ளையில் படாமல் தடுக்கிறார்கள். பூசி முடித்ததும் ஆதிரை, காது மடலுக்குப் பின்னால் விட்டுப்போயிற்று என்று என்னைத் திருப்பி அனுப்பினாள். பிழை பிடிக்கும் குணம் பரம்பரையில் ஒரு தலைமுறையைத் தாண்டி வந்திருக்கிறது.

வாங்கில் என் பக்கத்தில் ஒரு சீனக் கிழவர், அவரும் பேத்தியோடு. எங்களுக்குள் பொதுமொழி ஏதும் இல்லை. அவர் ஒரு உலர்ந்த பிளம் பழம் தந்தார், உப்பும் புளிப்புமாக. நான் மட்டன் ரோல்ஸில் பாதி கொடுத்தேன். கடித்ததும் அவர் கண் கலங்கியது, உறைப்பில். இருவரும் தண்ணீருக்குள் கத்திக்கொண்டு ஓடும் எங்கள் பொறுப்புகளைக் காட்டிப் பெருமூச்சு விட்டுக்கொண்டோம். ஒரு மாநாட்டில்கூட இவ்வளவு உடன்பாடு வந்ததில்லை.

சனிக்கிழமை ரோல்ஸ் தீர்ந்துவிட்டது. நிரோஷன் புல் வெட்ட, தர்சினி திங்கட்கிழமைக்கு உடுப்பு அயன் பண்ணுவதும் வேண்டாம் என்று மடித்து வைப்பதுமாக இருக்க, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தமிழ்க் கடைக்குப் புறப்பட்டேன்.

இங்கே பஸ்ஸை நிறுத்த ஜன்னலோரம் மஞ்சள் கயிறு ஒன்று ஓடுகிறது. அதை இழுக்க வேண்டும். எங்கள் ஊரில் போல "இறக்கம்!" என்று கத்த வேண்டியதில்லை. கடை நெருங்கியதும் நான் இழுத்தேன். மணி அடித்தது. கவின் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கையெழுத்தை நான் போட்டுவிட்டது போன்ற பார்வை.

"ஓ நோ," என்றாள் ஆதிரை. "அம்மப்பா, கயிறு அவன்ரை."

பஸ் முழுவதும் அவன் குரல் நிறைந்தது. ஓட்டுநர் ஒரு பருத்த பெண்மணி, கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஐயா, வீட்டில் எனக்கும் இப்படி ஒன்று இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். தரிப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து, மூடி, மணி விளக்கை அணையவிட்டு மறுபடி புறப்பட்டார். "இப்போது இழு தம்பி." கவின் என் தோளைப் பிடித்து இருக்கையில் ஏறி நின்று இழுத்தான். அழுகை பாதியில் நின்றது. அடுத்த தரிப்பில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். அந்த அம்மையார் செய்தது எந்த ஒழுங்குவிதியிலும் இல்லை. இருந்தும், மெமோ அனுப்பும் எண்ணம் எனக்கு வரவில்லை.

விஷயம் நடந்தது திரும்பி வரும்போது. இறங்குகிற கதவுக்கு நேரே இருந்தோம். தள்ளுவண்டியோடு ஒரு கிழவி எழும்பினார். முகத்தைப் பார்த்து மொழியைத் தீர்மானிக்கும் வல்லமை கவினுக்கு உண்டு.

"வேர் யூ கோயிங்?"

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கிழவியோ நின்று, குனிந்து, "பல்லுப் பிடுங்கப் போகிறேன், இந்தப் பக்கத்துப் பல்லு," என்று வாயைத் திறந்தும் காட்டினார். கவின் பார்த்துத் திருப்தியடைந்து, "ஓகே. பை," என்றான். அடுத்ததாக வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு இளைஞன். கிரிக்கெட் விளையாடப் போகிறானாம். "ஓகே. பை."

அதன் பிறகு எழும்பியவர் காதில் எதையோ செருகியிருந்தார். கேள்வி அவருக்குக் கேட்கவில்லை, இறங்கிப் போய்விட்டார். கவின் இருக்கையில் முழந்தாளிட்டு, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, அவர் புள்ளியாகும் வரை பார்த்தான். "மேன் எங்கை கோயிங்?" உதடு நடுங்கியது. யாரென்றே தெரியாத அந்த மனிதருக்காக எங்கள் தரிப்பு வரும் வரை அழுதான்.

"அவன் எப்பவும் உப்பிடித்தான்," என்றாள் ஆதிரை, ரோல்ஸ் பையை மோந்துகொண்டு. "சொன்னால் போக விடுவான். சொல்லாட்டி விடான்."

கச்சேரியில் நானும் அதே ரகம். விளக்கம் தராதவனின் கோப்பை நான் ஒருநாளும் மூடியதில்லை. வீட்டில் ஒரு சக உத்தியோகத்தன் போன வருடத்திலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறான். நாங்கள் தண்ணீர் குடிக்கிறோம், ஒளித்து ஓடுகிறோம், பிஸ்கற் கொடுக்கிறோம். பதிலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தர்சினியிடம் சொன்னேன். அயன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வெளிக்கிடேக்கை எங்கை எண்டு சொல்லுறதோ? முதல் நாளே காரியம் கெட்டுப்போகும். அம்மா இருந்தால் விடுவாவோ?"

"கேக்கிறதுதான் பிழை பிள்ளை. பதில் சொல்லக் கூடாது எண்டு கொம்மா ஒருநாளும் சொல்லேல்லை."

அவள் யோசித்தாள். தாயின் சட்டத்தை மனதுக்குள் வரி வரியாகப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. அப்படி ஒரு பிரிவு அதில் இல்லை. சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம். என் மனைவியின் சட்டத்தில் கண்டுபிடித்தது அதுவே முதல் தடவை. அவர் உயிரோடு இருக்கும்போது துணிவு வரவில்லை.

"மார்க்கம் எண்டால் அவனுக்கு என்ன விளங்கும்?"

"காட்டுவம். நேரே பாராமல் நான் ஒரு காணிக்குக்கூட அனுமதி குடுத்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமை கள விஜயம். நிரோஷன் காரை எடுத்தான், கவின் மறுத்தான். பஸ்ஸில்தான் கயிறு இருக்கிறது. எல்லாரும் காரில் திரியும் அந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பஸ் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. இரண்டாவது பஸ்ஸுக்காக நிழலில்லாத சந்தியில் காத்து நின்றோம், கொண்டுவந்த திராட்சை முடிந்து, ஆதிரை எல்லாக் கார்களையும் நிறம் பிரித்து எண்ணி முடித்து, நிரோஷன் என்னைப் பார்ப்பதைத் தவிர்க்கத் தொடங்கும் வரை. பஸ் வந்தது. கவின் கயிற்றை இழுத்தான். பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லாததால் எல்லாரும் கைதட்டினோம்.

கண்ணாடிக் கட்டடம், பூட்டியிருந்தது. கவின் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தான்.

"அம்மா கதிரை எங்கை?"

"அந்தா, அந்தப் பச்சைக் கதிரை," என்றாள் தர்சினி. அவளுக்கு அது தெரியாது. ஆனால் உறுதியாகச் சொன்னாள்.

"அம்மா சாப்பாடு எங்கை?"

"அங்காலை."

"வொஷ்ரூம் எங்கை?"

கவின் அண்மையில்தான் பம்பர்ஸிலிருந்து விடுதலை பெற்றவன். எந்த இடத்தையும் அவன் இறுதியாக மதிப்பிடுவது அந்த ஒன்றை வைத்துத்தான். தர்சினி உள்ளே கை காட்டினாள். அது போதவில்லை. அவன் கால்களைப் பின்னத் தொடங்கினான். "நவ்," என்றான்.

காவலாளி, தாடிவைத்த ஒரு சீக்கியர், கதவைச் சிறிதாகத் திறந்தார். விடுமுறை நாளில் அனுமதி அட்டை இல்லாமல் யாரையும் விட முடியாது என்று தொடங்கினார். சரியான விதி. நான் அவர் இடத்தில் இருந்தால் ஒரு ஈயைக்கூட விட்டிருக்க மாட்டேன். அவர் கவினின் காலைப் பார்த்தார். கவின் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"வேர் யூ கோயிங்?"

"நான் எங்கேயும் போகவில்லை சேர். மாலை வரை இங்கேதான்," என்றார் அவர் ஆங்கிலத்தில். கதவு அகலத் திறந்தது.

தர்சினி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வாசலில் நின்றோம். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து தண்ணீர் பாயும் சத்தமும், அதைவிட உரத்த ஒரு சிரிப்பும் வந்தன. பிறகு மறுபடி தண்ணீர். மறுபடி சிரிப்பு. வெளியே வந்தபோது அவன் முகத்தில் கையெழுத்திட்டு முடித்த அதிகாரியின் களை.

"அம்மப்பா! தண்ணி தானா கம்மிங்!"

அது அவன் என்னோடு பேசிய, கேள்வி அல்லாத முதல் வசனம். வந்த தூரத்துக்குக் கட்டுப்படியாயிற்று.

திங்கட்கிழமை காலை தர்சினி அயன் பண்ணிய உடுப்போடு கூடத்துக்கு வந்தாள். சப்பாத்தைக் கையில் தூக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால், இருந்து, காலில் போட்டாள். கவின் மேசையில் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரண்டி நின்றது.

"எங்கை கோயிங்?"

நிரோஷன் கோப்பியை விழுங்காமல் நின்றான். தர்சினியின் முழங்கால், பழக்கத்தில், இருக்கையைத் தேடி மடிந்தது. என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மார்க்கம்," என்றாள். "தானாத் தண்ணி வாற இடம். பச்சைக் கதிரையிலை இருந்து வேலை செய்திட்டுப் பின்னேரம் வருவன்."

கவின் யோசித்தான். அவ்வளவு நேரம் எந்த உயரதிகாரியும் என் கோப்பு ஒன்றை யோசித்ததில்லை.

"ஓகே. பை."

கரண்டி மறுபடி கோப்பைக்குள் போனது.

தர்சினி போகவில்லை. வாசலில் நின்றாள். "அவன் அழேல்லை அப்பா," என்றாள், ஏதோ குறைபாட்டை முறையிடுவது போல. பிறகு தான் அழத் தொடங்கினாள். முகத்துக்குப் போட்டதெல்லாம் கலைந்தது. "வெளிக்கிடு பிள்ளை, பிந்தப்போகுது," என்று நான் தள்ளிவிட வேண்டியிருந்தது. கராஜ் கதவு உறுமிக்கொண்டு மேலே போய்க் கீழே வந்தது. கவின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாலில் மிதந்த கடைசிச் சீரியலைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

அந்தக் கோடையில் அவனும் நானும் நிறையக் கயிறுகள் இழுத்தோம். அவன் இழுத்தான், நான் தோள் கொடுத்தேன். பின்னேரங்களில் தர்சினி பச்சைக் கதிரை கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லவே இல்லை.

நான் திரும்பும் நாள் வந்தது. பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுச் சப்பாத்தைப் போடக் குனிந்தேன். ஓடி வரும் சின்னக் காலடி கேட்டது.

"அம்மப்பா எங்கை கோயிங்?"

இப்போது கூரையைப் பார்த்தது தர்சினி.

"யாழ்ப்பாணம்," என்றேன்.

அவன் யோசித்தான். நான் "ஓகே, பை" வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. கவின் திரும்பிப் போய்த் தன் சப்பாத்துகளை எடுத்துவந்தான். என் பக்கத்தில் இருந்து, இடது வலது மாற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு மாட்டத் தொடங்கினான். பார்க்காத இடத்துக்கு அவன் எப்படி அனுமதி கொடுப்பான்?

நான் சப்பாத்தைத் திருத்தவில்லை. திரும்பிப் போய், இருந்து, ஒரு கோப்பை தண்ணீர் கேட்டேன்.